உடம்புக்குள் ஒரு ஜாகா

"சார், காய்ச்சலைக் கிருமிதானே கொண்டு வருது?" என்று ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான். எனக்குப் பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

1998 கடைசி. தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிவிட்டதால், பெரியப்பா ஈப்போ பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். "தலை பிளக்குதுடா, காய்ச்சலும் அடிக்குது" என்று வந்து படுத்தார். "ரெண்டு பனடோல் போடுங்க பெரியப்பா, சரியாயிடும்" என்றேன். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை.

கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அப்போது நினைத்தார்கள். புகையடித்தார்கள்; ஊசியும் போட்டார்கள். ஆனால், குழந்தைகளைவிடப் பன்றிகளோடு பழகிய பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது 'நிப்பா' ஆயிற்று. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றிய அது, மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

தோட்டத்து ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருடனைக் கண்டால் தண்டவாளத் துண்டை அடித்து லயத்தையே எழுப்புவார். நம் உயிரணுக்களிலும் அப்படிக் காவல் உண்டு. உள்ளே புகுந்த வைரஸின் ஆர்.என்.ஏ. நம்முடையதைப் போல் இராது. 'ரிக்-ஐ' போன்ற புரதங்கள் அதை அடையாளம் கண்டு சேதி அனுப்பும். உடனே இன்டர்ஃபெரான் என்ற பொருள் சுரந்து, பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்தும். 1957இல் லண்டனில் கண்டறியப்பட்டது இது. வேறு சில பொருள்கள் இரத்தக் குழாய்களை விரித்து, வெள்ளை அணுக்களை அழைக்கும். வீக்கமும் வலியும் அதனால்தான். சேதி மூளைக்கு எட்டினால் காய்ச்சல். ஆகவே, காய்ச்சல் நம் ஜாகா அடிக்கும் மணி.

நிப்பா பொல்லாத திருடன். தன் புரதங்களால் ஜாகாவின் வாயைப் பொத்திவிட்டு, இரத்தக் குழாயிலும் மூளையிலும் பெருகிவிடும். பிறகு மூளை வீங்கினால், மண்டையோட்டுக்குள் இடமேது?

பனடோல் கெடுதல் என்று சொல்லவில்லை. அது மணியோசையைக் குறைக்கும், திருடனைப் பிடிக்காது. காய்ச்சலோடு கடுந்தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்று அந்நோய்க்கு மருந்தில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும், அந்த இரண்டு மாத்திரைகள் இன்னும் என் மனத்தை உறுத்துகின்றன.