கண் வரையாத பொம்மை

மாயவரத்தில் 34 வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இங்க பாருங்க, ஆடாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், பாஸ்போர்ட் சைஸ், கடைசியில் பிணப் படம் என்று ஓர் ஆளின் வாழ்க்கையில் நான் நுழையாத இடமில்லை. கேமரா வேண்டாம் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்களே ஊர் ஊராக வாழும் ஒரு சீமைக்கு, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் இறங்கினேன்.

மகள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். “மாமா, லங்காஸ்டர் போலாம். ஆமிஷ் ஜனங்க இருக்காங்க. குதிரை வண்டி, கோவேறு கழுதை பூட்டி உழவு. உங்க கேமராவுக்கு நல்ல தீனி” என்றார் மருமகன். காரில் இரண்டரை மணி நேரம். பாதி வழி தாண்டிய பிறகுதான் மகள் மெதுவாக ஆரம்பித்தாள்: “அப்பா, வீடு, வயல், குதிரை எல்லாம் எடுத்துக்கோங்க. அவங்களை மட்டும் எடுக்கக் கூடாது.” விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்ட பிறகு, சாதம் கிடையாது என்றால் எப்படி இருக்கும்?

பென்சில்வேனியா மாநிலத்தின் அந்தப் பகுதியில் ஊர்ப் பெயர்களே ஒரு தினுசு. பாரடைஸ், பேர்ட்-இன்-ஹேண்ட். இன்னொரு ஊர் இன்டர்கோர்ஸ். பச்சையாக அப்படித்தான் பலகையில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு கூட்டம். மருமகன் அந்த இடத்தில் மட்டும் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

ஒரு வளைவு திரும்பியதும் நாடே மாறிவிட்டது. வீடுகளுக்கு மின்கம்பி போகவில்லை. சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டிகள், லாரிகளுக்கு நடுவே அவசரமில்லாமல் போகின்றன. ஒரு வீட்டின் பின்வாசலிலிருந்து களஞ்சியத்தின் உச்சிவரை கப்பியில் இழுத்துக் கட்டிய துணிக்கொடி. அதில் கத்தரிப்பூ, பாசிப்பச்சை, மயில்நீலம், கருப்பு என்று அளவு வாரியாகத் தொங்கும் உடைகள். பூப்போட்டது ஒன்றுகூட இல்லை. அப்பாவுடையதில் தொடங்கிக் கைக்குழந்தையுடையதில் முடிகிற அந்த வரிசையைப் பார்த்தபோது, ஒரு குடும்பப் படத்தை ஆளே இல்லாமல் எடுத்துவைத்த மாதிரி இருந்தது. அதை மட்டும் பத்துப் பதினைந்து எடுத்தேன்.

காசு கொடுத்தால் குதிரை வண்டியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறார்கள். எங்கள் வண்டியை ஓட்டியவர் ஆமிஷ் பெரியவர். மீசை இல்லாமல் தாடி மட்டும், அகல விளிம்பு வைக்கோல் தொப்பி. நான் கேமராவைத் தொடுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “குதிரையை எடுத்துக்கொள். அதற்குப் பெருமை கிடையாது” என்றார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது, அதில்தான் விஷயம் முழுக்க இருந்தது என்று எனக்குப் படவில்லை.

யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றி 1693இல் சுவிஸ், அல்சாஸ் பகுதிகளில் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். லங்காஸ்டர் பகுதியில் மட்டும் இன்று 40,000 பேருக்கு மேல். 1839இல் பாரிஸில் டாகரோடைப் என்ற முதல் புகைப்பட முறை வெளியானபோது, இவர்கள் இங்கே உழுதுகொண்டிருந்தார்கள். புதிதாக எது வந்தாலும் சபை கூடிப் பேசி, இது ஆகும், இது ஆகாது என்று ஒரு ஒழுங்கு வைப்பார்கள். டெலிபோன் ஆகும், ஆனால் வீட்டுக்கு வெளியே சிறு கொட்டகையில்தான். டிராக்டர் வயலில் ஆகாது. முகத்துக்கு முன்னால் கேமராவும் ஆகாது. பத்துக் கட்டளைகளில் உருவம் செய்யாதே என்று வருவதைச் சொல்வார்கள். அதற்கு அடியில் இன்னொரு காரணம் உண்டு. அவர்கள் பேசும் ஜெர்மானியக் கிளைமொழியில் ‘ஹோக்முட்’ என்கிறார்கள். செருக்கு. நின்று, நிமிர்ந்து, என்னைப் பார் என்று முகத்தைக் கொடுப்பதே செருக்கு. ‘தாடையை இறக்குங்க’ என்று 34 வருடம் சொன்னவனுக்கு இதைவிட நேரான கண்டனம் கிடையாது.

சபைக்குச் சபை கெடுபிடி மாறும். நின்று போஸ் கொடுப்பதுதான் குற்றம், தனக்குத் தெரியாமல் யாராவது எடுத்தால் அது தன் பாவமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சலுகையைச் சுற்றுலாக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து எடுக்கலாம், முதுகுப்பக்கம் எடுக்கலாம், முகம் தெரியாவிட்டால் தப்பில்லை. கடைக்குக் கடை விற்கிற படக் காலண்டர்களில் எல்லாம் முதுகுகள்தான்.

நானும் எடுத்தேன். சோளக்கொல்லை ஓரம் ஒரு பெண், பதினாறு பதினேழு வயதிருக்கும், வெள்ளைக் குல்லாய், காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பகுதியில் சைக்கிள் வழக்கமில்லை, ஸ்கூட்டர்தான். ஐம்பதடி தூரம். ஜூம் லென்ஸை இழுத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கையை எடுத்து முகத்துக்குப் பக்கவாட்டில் மறைத்துப் பிடித்துக்கொண்டாள், வெயிலுக்குப் பிடிப்பது போல. வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பது என் தொழில். அது அவளுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. ஷட்டரை அழுத்தி முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

வண்டியில் ஏறியதும் பேரன் சொன்னான், “தாத்தா, பின்னாடி இருந்துதானே எடுத்தீங்க, அது ஓகேதான்.” வாசலில் செருப்பைக் கழற்றுங்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்காரர் பேசாமல் இருந்தால், செருப்போடு கூடத்துக்குள் போகலாம் என்று ஆகிவிடுமா? தெரியாமல் எடுத்தால் பாவமில்லை என்பது அவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்வது. அதை எடுத்து நம் பைக்குள் போட்டுக்கொள்ள நமக்குப் பாத்தியதை கிடையாது. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஞாபகத்தில் இருந்தது வேறொரு முகம். 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் வாக்காளர் அட்டைக்குப் படம் வேண்டுமென்று உத்தரவு போட்டார். அதன் பிறகு நடந்த முகாம்களில் எங்கள் பக்கத்துக்கு நான்தான் படமெடுத்தேன். ஒரு முஸ்லிம் பாட்டி, தெருவே ‘நன்னி’ என்று கூப்பிடும், வாசல் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர மறுத்துவிட்டார். “படம் எடுத்தவனை மறுமையில கூப்பிட்டு, எடுத்ததுக்கு உசுரு குடுன்னு அல்லா கேப்பான். உன்னைத்தான் கேப்பான் தம்பி, என்னை இல்ல. உனக்காகத்தான் சொல்றேன்” என்றார். அன்றைக்குச் சிரித்தேன். ஆமிஷ்காரருக்குப் பாவம் படத்துக்கு நிற்பவர் மேல். நன்னிக்குப் பாவம் எடுப்பவன் மேல். படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று பிள்ளையை மறைத்துக்கொள்ளும் கிராமத்து அம்மாவுக்கோ இதில் பாவமே கிடையாது, பயம் மட்டும்தான். இந்த மூன்றையும் ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுவது எங்கள் தொழில்காரர்களின் வழக்கம். அதே நாங்கள்தான், வள்ளலாரைப் பலமுறை எடுத்தும் வெள்ளைத் துணி மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்ற கதையை டார்க் ரூமில் பயபக்தியோடு சொல்லிக்கொள்வோம்.

சில வருடம் கழித்து அந்த நன்னி ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட் படத்துக்கு என் ஸ்டுடியோவுக்கே வந்தார். “அவசியத்துக்கு ஆகும் தம்பி” என்றார். அவ்வளவுதான், வேறு விளக்கமில்லை.

அவசியம் எது என்று நீதிமன்றங்களும் திண்டாடியிருக்கின்றன. நெப்ராஸ்கா மாநிலத்தில் பிரான்சிஸ் குவாரிங் என்ற பெண்மணி, ஆமிஷ் அல்ல, ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் தரமாட்டேன் என்று வழக்குப் போட்டார். தன் கல்யாணப் படம்கூட வைத்துக்கொள்ளாதவர். கடையில் வாங்கும் டப்பாவில் படம் இருந்தால் லேபிளைக் கிழித்துவிடுவார், இல்லையென்றால் கறுப்புப் பேனாவால் அடித்துவிடுவார். 1984இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறு வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு நாலு என்று நீதிபதிகள் பிரிந்ததால் அதுவே நிலைத்தது. கனடாவில் கதை வேறு. ஆல்பர்ட்டா மாகாணத்தில் கூட்டுப் பண்ணையாக வாழும் ஹட்டரைட்டுகள் இதையே கேட்டபோது, 2009இல் நாலுக்கு மூன்று என்று தோற்றார்கள். நம் ஊரிலும் பர்தா அணிந்த பெண்களின் படம் வாக்காளர் பட்டியலில் வரக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பென்சில்வேனியாவில் மத காரணம் சொன்னால் படமில்லாத அட்டை தருகிறார்கள். பாஸ்போர்ட் சைஸில் சோறு தின்றவன் நான். அரசாங்கம் முகம் கேட்பதை முழுக்கத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சோளக்கொல்லை ஓரம் எனக்கு என்ன அவசியம் இருந்தது?

லங்காஸ்டர் வட்டாரத்தில்தான் நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 2006 அக்டோபர் 2ஆம் தேதி, ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். சுட்டவனின் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள் ஆமிஷ்காரர்கள். உலகத்து கேமராக்களெல்லாம் வந்து குவிந்தன. பத்திரிகைகளில் வந்தவை, இறுதி ஊர்வலத்தில் நீண்டு செல்லும் குதிரை வண்டிகளின் படங்கள். தூரத்திலிருந்து, பெரிய லென்ஸில் எடுத்தவை. பத்து நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தையே இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள். அடையாளம் வைக்கவில்லை.

அன்று மாலை, திரும்பும் வழியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் கடை. வீட்டில் போட்ட ரூட் பியர், வெல்லப்பாகு ஊற்றிய ‘ஷூஃப்ளை பை’ என்ற ஒரு பண்டம். அது எனக்குத் தித்திப்பு அதிகம். பக்கத்தில் துணிப் பொம்மைகள். நீலக் கவுன், கறுப்புக் குல்லாய், கையளவு உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி, மொழுமொழுவென்று. கண்ணில்லை, மூக்கில்லை. உருவம் செய்யக் கூடாது என்பதால் அப்படி என்கிறார்கள், ஆண்டவன் முன் எல்லாரும் ஒன்று என்பதால் என்றும் சொல்கிறார்கள். கடையிலிருந்த அம்மாளிடம் கேட்டோம். “என் பாட்டி அப்படித்தான் தைத்தாள்” என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

அந்தத் துணி முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் ஸ்தபதி சிலையை முடித்தாலும் கண் திறக்கிறவரை அது கல்தான். நானே எத்தனையோ பேருக்குக் கண் திறந்திருக்கிறேன். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படத்தில், மூடிய இமைக்கு மேல் டச்சிங் பிரஷ்ஷால் விழி வரைந்து கொடுப்போம். மாலை போட்டு மாட்டும்போது, “அப்படியே பார்க்குற மாதிரி இருக்கு” என்று அழுவார்கள். அதற்குத் தனிக் காசு.

பொம்மையை ஐந்து வயதுப் பேத்தியிடம் கொடுத்தேன். அன்று ராத்திரியே ஸ்கெட்ச் பென்னால் இரண்டு பெரிய கண் வரைந்து, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். வாய் வரையவில்லை. மசிக்கறை எவ்வளவு துவைத்தும் போகவில்லை என்று போன வாரம் மகள் போனில் சொன்னாள்.