கண் எங்கே திரும்பியிருக்கிறது?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளியோரத்தை இமைக்கு மேலாக விரலால் மிக மெல்ல அழுத்தினால் எதிரே உள்ள சன்னல் ஆடும். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைச் செய்ய வேண்டாம். விரலை எடுத்துவிட்டு, அதே சன்னலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பார்வையை ஓட்டினால் விழித்திரையில் அதன் உருவம் இன்னும் அதிகமாகவே இடம்பெயர்கிறது. ஆனாலும் சன்னல் நின்ற இடத்தில் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு விடை சொன்னார். கண்ணைத் திருப்பு என்று தசைக்கு உத்தரவிடும் மூளைக்கு, கண் எவ்வளவு திரும்பும் என்பது அந்த உத்தரவிலிருந்தே தெரிந்துவிடுகிறது. விரல் தள்ளும்போது அப்படி உத்தரவு எதுவும் இல்லை. ஆகவே நகர்ந்தது உலகம் என்று மூளை முடிவுகட்டுகிறது.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயால், வலது கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு சில காலம் செயலிழந்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரை எடுக்கப் போவார். கை டம்ளரையும் தாண்டி வலப்பக்கம் போய் வெறும் மேசையைத் தொடும். “கை சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குதுடா” என்பார். கை சொன்னபடிதான் போனது. தளர்ந்த தசையை அசைக்க மூளை வழக்கத்தைவிடப் பலமாக உத்தரவிட்டது. அந்தப் பலத்தைக் கொண்டே, கண் அவ்வளவு தூரம் திரும்பிவிட்டது, பொருளும் அங்கேதான் இருக்கிறது என்று கணக்குப் போட்டது. ஒரு டம்ளர் எங்கே இருக்கிறது என்று அறியக் கண் எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். மூன்று மாதத்தில் நரம்பு தேறியது, கையும் சரியாகிவிட்டது.

உத்தரவு மட்டுமே போதுமா? போதாது, தசைகளும் தம் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன என்று இங்கிலாந்தின் ஷெரிங்டன் வாதிட்டார். நெடுங்காலம் இரு கட்சியாகவே நின்றார்கள். 2007இல் குரங்குகளின் மூளையில், தோலும் தசையும் அனுப்பும் உணர்வைப் பெறும் பகுதியிலேயே, கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் குறிக்கும் நரம்பணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் நொடிக்கு மூன்று முறை போலத் தாவும் கண்ணுக்கு, தாவி முடித்த பின் வந்துசேரும் தசைச் செய்தியை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. முன்னதாகவே கையில் இருப்பது உத்தரவு ஒன்றுதான்.