பொம்மை பிளேனுக்கு இன்சூரன்ஸா?

போன வாரம் அக்கா பையன் தஞ்சாவூர்லேர்ந்து ஊருக்கு வந்திருந்தான். கையில ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பிரிச்சா, ரிமோட்டோட ஒரு ஃபோம் விமானம். "டவுன்ல விட முடியலை மாமா, ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு. இங்க பாபநாசம் பக்கம் தொந்தரவு இல்லை. வாங்க, அறுப்பு முடிஞ்ச வயல்ல விடலாம்"னான்.

"இன்சூரன்ஸ் இருக்காடா?"ன்னு கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பொம்மை பிளேனுக்கு இன்சூரன்ஸ் கேட்ட ஒரே தாய்மாமன் இந்த ஜில்லாவுலயே நான்தான் போல :-)

ஏன் கேட்டேன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2008 பிப்ரவரி. நானே பால்சா மரத்தை வெட்டி ஒட்டிச் செய்த விமானம், ரெண்டரை கிலோ எடை. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள்ல ஓடுற குட்டி என்ஜின். அந்தப் புகை வாசனை இப்பவும் மூக்குல நிக்குது. சம்பா அறுவடை முடிஞ்சு பக்கத்து வயல்லாம் உளுந்து முளைவிட்டிருந்தது. எங்க வயல் மட்டும் தாளோட கிடந்தது. அதுல ஒருத்தர் வடக்கேயிருந்து வந்து வாத்து மேய்ச்சுக்கிட்டு இருந்தார். நானூறு, ஐநூறு வாத்து இருக்கும். தூரத்துலதான் இருந்தார், நானும் பெருசா எடுத்துக்கலை.

மூணாவது சுத்துல ரிமோட்டுக்கு விமானம் கேக்கலை. ரிசீவர் பேட்டரி இறங்கியிருக்கு. அந்தக் காலத்து 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு, பறக்க விடறதுக்கு முன்னாடி ஏரியலை மடக்கி வச்சுட்டு முப்பது அடி எடுத்து நடந்துபோய், சுக்கான் அசையுதான்னு பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை. அன்னிக்கு நான் அதைச் செய்யலை. யாரும் "செஞ்சியா?"ன்னு கேக்கவும் இல்லை.

விமானம் நேரா வாத்துக் கூட்டத்துல இறங்குச்சு. அவர் தடுக்கறதுக்கு இடது கையைத் தூக்கியிருக்கார். இறக்கை அடிச்சு மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. விசிறி பட்டிருந்தா விரலே போயிருக்கும். ஒன்பது வாத்து செத்துப்போச்சு.

சாயங்காலம் பிள்ளையார் கோயில்ல பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சாங்க. ஆஸ்பத்திரிச் செலவு, மாவுக்கட்டு, வாத்துக்கு விலை எல்லாம் சேர்த்து பதினைஞ்சாயிரம். நெல்லு போட்ட காசுலேர்ந்து அப்பா எண்ணிக் குடுத்தார். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வாத்துக்காரர்தான், "தம்பி வேணும்னா பண்ணுச்சு, விடுங்க"ன்னார். ஊரே நியாயமா முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அடுத்த வருஷம் அதே வயலுக்கு வாத்து ஓட்டிக்கிட்டு வந்தது அவரோட பையன். பேச்சுவாக்குல என்ன படிக்கிறேன்னு கேட்டேன். "பத்தாவது எழுதலைண்ணே. அப்பாவுக்குக் கை உடைஞ்சப்ப ஊர்லேர்ந்து கூப்புட்டுக்கிட்டாங்க. அப்படியே நின்னுபோச்சு"ன்னான். என் மேல கோபமாக்கூட சொல்லலை. அதுதான் தாங்க முடியலை.

ஆறு வாரத்துக்கு ஒரு கூலி ஆள் போட்டு வாத்து மேய்க்கிற செலவு. பதினைஞ்சாயிரத்துக்குள்ள இந்தக் கணக்கு இல்லவே இல்லை. போகாத வருமானம், போட வேண்டிய ஆள், இதையெல்லாம் கேட்டு எழுதற ஆள் ஒருத்தர் அந்த மண்டபத்துல இல்லை.

அதுக்கப்புறம்தான் வெளிநாட்டுல என்ன பண்றாங்கன்னு தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல 1936-ல ஆரம்பிச்ச ஏ.எம்.ஏ., பிரிட்டன்ல 1922-லேர்ந்து இருக்கற சங்கம், இப்ப அதுக்கு பி.எம்.எஃப்.ஏ.ன்னு பேரு. இதுல உறுப்பினராச் சேர்ந்தா சந்தாவோடயே மூன்றாம் நபர் காப்பீடு வந்துடும். ஏ.எம்.ஏ.வுல 25 லட்சம் டாலர் வரைக்கும், பி.எம்.எஃப்.ஏ.வுல 2.5 கோடி பவுண்டு வரைக்கும். அடிபட்டவருக்குத்தான் இந்தக் காசு, நொறுங்கின நம்ம விமானத்துக்கு இல்லை. வயலைக் குடுத்த நிலக்காரரையும் ஏ.எம்.ஏ. பாலிசியில சேர்த்துக்க வழி இருக்கு. ஆனா சும்மா இல்லை, சங்கத்தோட பாதுகாப்பு விதிப்படி விடணும். அதாவது "பேட்டரி பார்த்தியா?"ன்னு கேக்க பக்கத்துல ஒரு ஆள் இருப்பான். எனக்குக் காசைவிட அந்த ஆள்தான் பெருசாத் தெரிஞ்சுது.

நம்ம பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். எல்லாரும் கொஞ்சம் போடுவாங்க, தேவைப்படறவன் எடுத்துப்பான். மொய்யைத் திருப்பிச் செய்யணும், இதைத் திருப்ப வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க? 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள்ல, மூன்றாம் நபர் காப்பீடும் நஷ்ட ஈடும் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படின்னு போட்டிருக்கான். 250 கிராமுக்கு மேல போயிட்டா காப்பீடு வேணும். சட்டத்துக்கு நாலு விசிறி ட்ரோனும் இறக்கை வச்ச பிளேனும் ஒரே இனம். பொழுதுபோக்குக்கு விடற மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம்னு சலுகை உண்டு, காப்பீட்டுல அந்தச் சலுகை இல்லை.

சரின்னு என் பைக்குக்குப் பாலிசி போடற ஏஜென்ட்டுக்கு போன் பண்ணினேன். "வண்டி நம்பர் சொல்லுங்க சார்"ன்னார். பறக்கற வண்டின்னேன். "மருந்து அடிக்கிறதா, கல்யாண வீடியோவா?" ரெண்டும் இல்லீங்க, சும்மா விடறதுக்கு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பதிவு எண் இருந்தா அனுப்புங்க, கேட்டுச் சொல்றேன்"ன்னார். இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார்.

மகளிர் குழுவுக்குக் குடுக்கற 'ட்ரோன் தீதி' திட்டத்துல ஒரு வருஷ இன்சூரன்ஸையும் சேர்த்தே குடுக்கறாங்க. நல்ல விஷயம். அதுக்குப் பின்னாடி அரசாங்கம் இருக்கு. எங்கள மாதிரி பொழுதுபோகாத ஆளுங்க ஊருக்கு ஒருத்தன், ரெண்டு பேர். எங்க பக்கம் போய்ச் சேர ஒரு கிளப் கிடையாது. ஒத்தை ஆளுக்கு எந்தக் கம்பெனி மெனக்கெடும்?

மாப்பிள்ளை இவ்வளவையும் திண்ணையில உக்காந்து கேட்டான். உள்ள போய் அடுப்படித் தராசை எடுத்துட்டு வந்து விமானத்தை வச்சான். 900 கிராம். பேசாம பெட்டியை மூடினான்.

"அப்ப 250-க்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வந்தா விடலாம்ல மாமா?"

"இன்சூரன்ஸ் வேண்டாம். ஆனா கையை உடைச்சா காசு குடுக்க வேண்டாம்னு அதுல எழுதலைடா"ன்னேன். "எதுக்கும் வயலைப் போய்ப் பார்த்துட்டு வா."

செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவன் பத்து நிமிஷத்துல திரும்பிட்டான்.

"மாமா, கீழண்டை வரப்புல யாரோ வாத்து மேய்ச்சுக்கிட்டு இருக்காங்க."