கூரையை அறுக்குமுன்

கற்பிட்டி வீதியில் காற்றுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நாங்க சிரிப்போம். மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தருகின்றன. மே தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். அதை நம்பித்தான் பட்டம் கட்டி அலையில சறுக்க வெளிநாட்டுக்காரர் கற்பிட்டிக்கு வாறாங்க.

ஆனா அதே வீதியோரத்தில் ஒரு டியூசன் வகுப்புக்குள்ள பகல் 12 மணிக்கு இருந்து பாருங்க. காற்று வெளியே, வெக்கை உள்ளே.

காரணம் கூரை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, முதலில் கிடுகுக் கொட்டில்களில்தான் இருந்தன. கிடுகு தானாக மூச்சு விடும். ஆனா மழைக்கும் நெருப்புக்கும் தாங்காது. வசதி கொஞ்சம் வந்ததும் எல்லாரும் சீட் போட்டாங்க. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட் வெயிலில் காயும். சூடான காற்று மேலே ஏறி முகட்டுக்கடியில் தேங்கி நிற்கும். போக வழியில்லை.

அந்த வழிதான் கூரையில் பூட்டுற சுழலும் உருண்டை. கரண்ட் தேவையில்லை. வெளிக்காற்று அதைச் சுற்றும், அது உள்வெக்கையை இழுத்து வெளியே விடும். ஒரு நிபந்தனை: மேலால் போகிற அளவுக்குக் கீழால் காற்று வரவேணும். புழுதிக்குப் பயந்து யன்னல் எல்லாத்தையும் சாத்தினால் உருண்டை சும்மா சுற்றும், வெக்கை குறையாது.

பேக்கரிக்கும் ஹோட்டல் குசினிக்கும் இது போதாது. அங்கே கூரையில் மோட்டர் ஃபேன் வைத்து, அடுப்புக்கு மேலிருந்து டக்ட் இழுக்கவேணும். டக்டில் வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவும் ஃபேனின் இழுவையைத் தின்னும். பொருத்துகளைச் சீலன்ட் போட்டு அடைக்கவேணும். பாரத்தைச் சீட்டில் தொங்கவிடாமல் கூரைச் சட்டத்தில் பிடிக்கவேணும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதையும் பார்க்கவேணும். எங்களில் இந்த வேலை தெரிந்த சிலர் இருக்கிறாங்க. வளைகுடாவில் டக்ட் வேலை பழகி வந்த நானாமாரிடம் கற்றது.

இப்ப நாங்க சொல்ல வந்த விசயம். உருண்டையோ டக்டோ, கூரையில் ஓட்டை போடாமல் பூட்ட முடியாது. இங்க நிறையக் கூரைகள் அஸ்பெஸ்டஸ். பேசாமல் கிடக்கிற நல்ல சீட்டால் பெரிய ஆபத்தில்லை. அதைக் கிரைண்டரால் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் தூசியோடு பறக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார அமைப்பின் முடிவு. நோய் தெரிய இருபது, முப்பது, நாற்பது வருசம் ஆகலாம். இன்றைக்கு 20 வயதில் அறுக்கிற தம்பி 50 வயதில் இருமும்போது இந்தக் கூரை அவனுக்கு நினைவிலும் இருக்காது.

அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. 2018 தொடக்கம் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா எங்கட தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை இங்கே அதிகம் விற்கிற நாடும் ரஷ்யாதான். இலங்கை தடையைத் தள்ளிப்போட்டது. கொஞ்ச நாளில் தேயிலைக்கும் வழி திறந்தது. தேயிலைத் தோட்டமே இல்லாத புத்தளத்துக் கரையில், அந்தப் பேரத்தின் தூசி எங்கட மூக்கில் ஏறுது. சவூதியும் குவைத்தும் அஸ்பெஸ்டஸைத் தடை செய்துவிட்டன. அங்கே போய்த் தொழில் பழகினவங்க, ஊருக்கு வந்துதான் அதை அறுக்கிறாங்க.

அறுக்காமலே செய்ய ஒரு வழி இருக்கு. உருண்டை வரவேண்டிய இடத்துச் சீட்டின் ஆணிகளை, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு கழற்றலாம். சீட்டை உடைக்காமல் முழுசாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றிவிடலாம். அந்த இடத்துக்கு அதே அலை அமைப்புள்ள வேறு சீட்டைப் போட்டு, ஓட்டையைக் கீழே தரையிலேயே வெட்டிக்கொண்டு மேலே ஏற்றலாம். இறக்கும்போது நார்த்தூசிக்கான முகக்கவசம் வேணும். முகத்தில் கட்டுற கைலேஞ்சி அதைத் தடுக்காது. அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கவேணாம். சீட்டில் நேராகக் கால் வைக்கவும் வேணாம்: பழைய சீட் சொல்லாமல் உடையும், சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டுத்தான் நடக்கவேணும்.

கூடுதல் செலவு ஒரு சீட், ஒரு முகக்கவசம், அரை நாள் கூலி. பள்ளிவாசலுக்கோ வகுப்புக்கோ காற்றுருண்டை பூட்டக் காசு சேர்க்கிறவங்க, அந்தக் கணக்கையும் பட்டியலில் எழுதுங்க. வேலைக்கு ஏறுகிற தம்பிமார் அது எழுதப்பட்டிருக்கா என்று கேளுங்க. எழுதலைன்னா, கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்க. கீழே இருக்கிறவங்க மூச்சு விடுறதுக்கு மேலே இருக்கிறவன் தன் மூச்சைக் கொடுக்கத் தேவையில்லை.