இருநாட் செலவு

செலவு என்னுஞ் சொல் பண்டைத் தமிழிற் பயணத்தைக் குறித்தது; இன்று நம்மிடையே பணம் கைவிட்டு நீங்குவதையே குறிக்கின்றது. கொழும்பிற் குடியிருக்கும் ஒரு குடும்பத்தலைவன் சனி ஞாயிறுகளில் வீட்டாரை வெளியூருக்கு அழைத்துச் செல்ல எண்ணுவானாயின், இச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே அவன்முன் வந்து நிற்கும். அகப்பொருள் இலக்கணம் கற்ற நம் பழைய மாணவர் செலவழுங்கல் என்ற துறையை மறந்திரார். பொருள்தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு பயணத்தைத் தாழ்த்துவது அது. எம் இல்லத்திற் செலவு அழுங்குவதற்குத் தலைவியின் வாட்டம் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, "நாளைக்கு விஞ்ஞான வகுப்பு வைச்சிருக்கினமாம், அப்பா" என்று மகள் சொல்லும் ஒரு வாக்கியமே போதும்.

நமக்கு முந்திய தலைமுறையினர் இவ்வாறு திட்டமிட்டு அல்லலுற்றாரல்லர். கொழும்பிற் கந்தோர் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர்க்கு வார இறுதி என்பது ஊர்தான். வெள்ளிக்கிழமை கந்தோர் முடிந்ததும் கோட்டைப் புகைவண்டி நிலையத்துக்கு விரைந்து, இரவு மெயில் வண்டியில் இடம்பிடித்து, சனி காலையிற் சொந்தக் கிணற்றில் நீராடி, ஞாயிறு இரவு அதே வண்டியில் மீண்டவர் பலர். 1956ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பகற் பயணமும் இலகுவாயிற்று. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீங்கி, போயா நாளே வார விடுமுறையாக இருந்தது. அக்காலத்தில் எம் தந்தையார் பஞ்சாங்கத்தைப் பார்த்தே ஊருக்குப் புறப்படுவார். சந்திரன் பிந்தினால் வாரமும் எட்டு நாளாகிவிடுகின்றதே என்பது அவருடைய நெடுநாட் குறை.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிச் சேவை நின்றது. அதன்பின் கொழும்பில் வாழ்ந்த எம்மனோர்க்கு வார இறுதி நான்கு சுவருக்குள் அடங்கியது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகின்றீர், எதற்காகப் போகின்றீர் என்ற வினாக்களுக்கு விடையிறுத்து, அதன்மேல் ஒரு நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்து வர யாருக்கு மனம் வரும்? உல்லாசப் பயணம் என்பது பிறர்க்குரிய பொருள் என்றே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இற் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. எனினும் 400 கிலோமீற்றர் அளவான வழியை இரண்டு நாளிற் சென்று மீளுதல் முதியோர்க்கு ஆகாது. பலருக்கு அங்கே கதவு திறந்துவிட ஆளுமில்லை. ஆகவே கொழும்பைச் சூழ்ந்த நாட்டை அறியும் வேலையை நாம் நரை தோன்றிய பின்னரே தொடங்கினோம்.

ஆண்டுக்கு 52 வார இறுதிகள் உண்டு என்று நாட்காட்டி கூறும். அது வெறுங் கணக்கு. பிள்ளைகளின் தனியார் வகுப்புகள் சனியையும் ஞாயிற்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. வீட்டில் ஒருவர் க.பொ.த. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தால் அவ்வாண்டே இல்லையென்று கொள்ளலாம். மேலும், திருமணங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையே நாடுகின்றன. அந்தியேட்டி நாள் பார்த்து வருவதில்லை. நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கமும் தன் பொதுக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலேயே கூட்டுகின்றது. இவையனைத்தும் கழிந்தால் எம் வீட்டில் ஆறு எஞ்சும். அவற்றுள் இரண்டை மழை எடுத்துக்கொள்ளும். மீந்த நான்கினை எவ்வாறு ஆள்வது என்பதே நாம் இங்குப் பேசும் பொருள்.

எம் தாயார் எண்பத்து நான்கு வயதினர். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எம்முடன் வாழ்கின்றார். மின்தூக்கி பழுதுற்றால் அவருக்கு உலகம் அந்த மாடியோடு முடிந்தது. முற்றம் கூட்டி, மாட்டுக்குத் தவிடு வைத்து, செவ்வரத்தம்பூப் பறித்துப் பழகிய கால்கள் மாதக்கணக்கில் மண்ணைத் தொடாமல் ஓட்டுத் தரையில் நடக்கின்றன. ஒருநாளும் அதைக் குறையாகக் கூறார். பயணப் பேச்சு எழுந்தால், "எனக்கென்ன, நீங்கள் பிள்ளையளோடை போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்பார். அடுக்குமாடியிற் பார்த்துக்கொள்வதற்கு என்ன இருக்கின்றது? அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு புறப்படுவோர் பலரை யாம் அறிவோம். எம் வீட்டில் அது செல்லுபடியாகாது என்பதை மனைவியார் தொடக்கத்திலேயே விதித்துவிட்டார். அன்று முதல் எம் பயணங்களின் தூரம் கிலோமீற்றரால் அளக்கப்படுவதில்லை. அம்மாவின் முழங்காலால் அளக்கப்படுகின்றது. ஒரு வழிக்கு மூன்று மணிக்கு மேற்படலாகாது. நடுவில் ஒருமுறையேனும் இறங்கி இருக்க நிழல் வேண்டும். படிக்கட்டு இருபதுக்கு உட்பட வேண்டும். இவ்விதிகளால் சிகிரியா எம் பட்டியலினின்று நீங்கிற்று. பிள்ளைகள் அதனைப் பாடசாலைச் சுற்றுலாவிற் கண்டுகொண்டனர்.

இவ்வளவுகோலுக்குப் பொருந்திய முதலிடம் முன்னேசுவரம். கொழும்பிலிருந்து சிலாபம் 80 கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்பட்டபின் நீர்கொழும்பு வரையுள்ள இடர் பெரிதும் நீங்கியது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், மாரவிலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கிடையே வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இடியப்பப் பொதியை அவிழ்க்கலாம். கோயிலின் வரலாறு நம்மவர் அறிந்ததே. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சாசனம் அங்கே கல்லில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். 1753இற் கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் மீண்டும் எடுப்பித்தான். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளிய அவ்வெல்லையிற் காளியம்மன், ஐயனார் கோயில்களும் பௌத்த விகாரையும் உள்ளன. சிங்கள மக்கள் கூட்டங் கூட்டமாக வந்து வழிபடுவதைக் கண்ட எம் இளைய மகன், "அப்பா, இது ஆற்றை கோயில்?" என வினவினான். அப்பம்மா விடை கூறினார்: "வாறவையின்ரை கோயில்."

அன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளிவீதி மணலில் நடந்ததை யாம் சற்றுப் பின்னே நின்று பார்த்தோம். கைபிடிக்கச் சென்ற மருமகளை விலக்கிவிட்டார். மாடிப்படியிலே ஒவ்வொரு அடிக்கும் கைப்பிடியைத் தேடும் அதே கால்கள், மணலிற் புதைந்தும் எழுந்தும் தாமாகவே வீதியைச் சுற்றின. பூசை முடிந்து வந்தபின் மரநிழலில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாது இருந்தார். தெதுறு ஓயாக் கரையிலுள்ள மானாவரிச் சிவன் கோயிலுக்கும் போகலாமா என்று நாம் கேட்டபோது, இது போதும் என்றார். பட்டியலில் இரண்டாம் இடம் எழுதப்பட்டிருந்தது உண்மை. அதை அங்கேயே வெட்டினோம். ஒருநாளில் ஐந்து இடங்களைக் கண்டு, ஐந்தின் முன்னும் நின்று படம் எடுத்து, ஆறாவதைக் காணாத துயரத்துடன் மீளும் வழக்கம் ஒன்று நாட்டிற் பரவியுள்ளது. அதனை யாம் ஒருபோதும் விரும்புவதில்லை.

புகைவண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மோட்டார் வண்டியிற் குடும்பத்தலைவன் சாரதியாகிவிடுகின்றான். பயணம் முழுவதும் அவன் காண்பது முன்செல்லும் பேருந்தின் பின்புறமே. புகைவண்டியில் அவனும் குடும்பத்தில் ஒருவனாகின்றான். 2017இல் யாம் கண்டிக்குச் சென்றபோது வலப்பக்க ஆசனங்களை முன்னரே பதிந்துகொண்டோம். றம்புக்கனையைக் கடந்து வண்டி ஏறத் தொடங்கியதும் பள்ளத்தாக்கு அப்பக்கமே விரிகின்றது. 44 அடிக்கு ஓரடி உயரும் அவ்வேற்றத்தை 1867ஆம் ஆண்டிலேயே புகைவண்டி கடந்து கண்டியை அடைந்தது என்று மூத்தவனுக்குச் சொன்னோம். அவன் எந்திரவியல் படிக்க விரும்பியவனாதலின் அடுத்த ஒரு மணி நேரம் அவனே எமக்குப் பாடம் நடத்தினான். பேராதனைப் பூங்காவில், பெரும் புல்வெளியிற் கிளைபரப்பி நிற்கும் சாவக அத்தியின் அருகே அம்மாவை இருத்திவிட்டுப் பிள்ளைகள் ஓடினர். 1821இல் தோன்றிய அப்பூங்கா 147 ஏக்கர். அன்று யாம் கண்டது நான்கு ஏக்கர்கூட இராது. 2022இல் எரிபொருள் இன்றி வண்டிகள் வரிசையில் நாட்கணக்காய் நின்ற காலத்தில், புகைவண்டியிற் பழகியிருந்த பழக்கம் பெரிதும் உதவியது.

தென்கரைக்கும் யாம் புகைவண்டியையே விரும்புவோம். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை காலியை மிக அண்மைக்குக் கொண்டுவந்தது மெய். ஆனால் அதிலிருந்து கடலைக் காணல் அரிது. கரையோர வண்டியிலோ வெள்ளவத்தையில் ஏறிய கணம் முதல் அலை எம்மோடு வரும். அம்பலாங்கொடையைக் கடந்து பெரலியவை அணுகும்போது மட்டும் எம் பெட்டியிற் பேச்சு அடங்கிவிடும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஒரு புகைவண்டியை ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களோடு அங்கே கவிழ்த்தது. சிங்களப் பெண்ணொருத்தி கைகூப்பினாள். எம் தாயாரும் கூப்பினார். இருவருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. பின்னர் அப்பெண் தன் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

காலம் அறிதல் பற்றிச் சுருங்கக் கூறுவோம். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் கடல் கொந்தளிப்பது. அப்போது பிள்ளைகளைப் பெந்தோட்டைக் கடலில் இறக்கலாகாது. சித்திரையில் நுவரெலியாவுக்குப் போவோர் அங்கே கொழும்பையே மறுபடி காண்பர். போயா நாள் வெள்ளியிலோ திங்களிலோ வந்து மூன்று நாள் விடுமுறை அமைந்தால், யாம் வீட்டிலிருந்து கொழும்பின் வெறுந்தெருக்களை அனுபவிப்போம்; அதுவும் ஓர் உல்லாசப் பயணமே. ஐப்பசி கார்த்திகையில் மலைநாட்டை எண்ணுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தே புறப்படல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைப்பாதைகளுக்கும் அங்குள்ள மக்களுக்கும் செய்த அழிவைக் கண்டபின் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முழங்கால் ஆண்டுதோறும் தன் எல்லையைக் குறைத்துக்கொண்டே வருகின்றது. மூன்று மணி நேரம் இரண்டாயிற்று. அவிசாவளையில், முதலாம் இராசசிங்கன் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாது நின்றதென்று கூறப்படும் பெரெண்டிக் கோயிலின் கல்லடித்தளத்தைக் காணச் சென்றபோது அம்மா வண்டியிலேயே இருந்துகொண்டார். சிற்ப வேலைகளை இளையவன் படமெடுத்து வந்து காட்டினான். மறுபுறத்தில் மூத்தவன் மேற்படிப்புக்காகக் கடல்கடந்தான். மகளுக்கு அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை. பிள்ளை நடக்கத் தொடங்குவதற்கும் பறக்கத் தொடங்குவதற்கும் இடையே, முதியவர் இன்னும் வண்டியில் ஏறக்கூடிய ஆண்டுகள் எத்தனை? எம் வீட்டில் அவை பதினொன்று. ஆண்டுக்கு நான்கு என்றால் நாற்பத்து நான்கு பயணம்; அவற்றுள் நடந்தேறியவை முப்பத்தொன்று என்று மனைவியாரின் கணக்குப் புத்தகம் காட்டுகின்றது. பெற்றோல், புகைவண்டிச் சீட்டு, இளநீர் எல்லாம் அதில் நாள்வாரியாக உள்ளன. மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்பது எம் வேண்டுகோள்.

மார்கழி விடுமுறையில் மூத்தவன் வருகின்றான். இம்முறை நீர்கொழும்புக் களப்புக் கரை என்று முடிவாகியுள்ளது; விடியுமுன் புறப்பட்டால் ஒரு மணி நேரம். மடக்குக் கதிரை ஒன்று வாங்கியுள்ளோம். "எனக்கென்ன, நீங்கள் போட்டு வாங்கோ" என்று அம்மா வழக்கம்போற் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, காலைக் குளிருக்கென்று தம் கம்பளிச் சால்வையை எடுத்து வெயிலிற் காயப்போட்டிருக்கின்றார்.