அலிப்பூரும் அமெரிக்கச் சீர்திருத்தவாதிகளும்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களுக்குத் தாயகத்திலிருந்து உற்றார் உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் அலிப்பூரும் ஒன்று. ஆனால் அலிப்பூர் என்றவுடன் நம் சிறுவர் சிறுமியர் நினைப்பது 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விலங்குக் காட்சிச் சாலையையே. புலியையும் யானையையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகிறோம். அருகிலுள்ள பெல்வெடேர் மாளிகையையும், சற்று அப்பாலுள்ள நீதிமன்றத்தையும், சிறைகளையும் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

பெல்வெடேர் வளாகத்தில் இன்று இருப்பது தேசிய நூலகம். 1953ஆம் ஆண்டு மௌலானா ஆசாத் அவர்கள் இங்கே அதனைத் திறந்து வைத்தார்கள். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் இந்நூலகத்தில்தான் உள்ளன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அதற்கு முன்னோ, 1854 முதல் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இம்மாளிகை வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்களின் உறைவிடமாக இருந்தது. 1908ஆம் ஆண்டில் இங்கே வீற்றிருந்தவர் சர் ஆண்ட்ரூ பிரேசர். முந்திய டிசம்பரில் நாராயண்கர் அருகே அவர் சென்ற ரயிலைக் கவிழ்க்க வெடி வைக்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் முசாபர்பூரில் ஒரு நீதிபதிக்குக் குறிவைத்து எறிந்த குண்டு, குற்றம் ஏதுமறியாத கென்னடி என்னும் குடும்பத்துப் பெண்மணிகள் இருவரைக் கொன்றது. அடுத்த இரண்டாம் நாள் அரவிந்தரும் அவர் தம்பி பாரீந்திரரும் வேறு பலரும் பிடிபட்டனர். அதுவே அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. இருநூறுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஒன்பது அடி நீளமும் ஐந்தாறு அடி அகலமும் கொண்ட தனியறையில் தாம் கழித்த நாட்களை அரவிந்தர் பின்னர் வங்க மொழியில் எழுதியுள்ளார். அன்று அலிப்பூர்ச் சிறை என்று வழங்கிய அக்கட்டடம் இன்று பிரசிடென்சி சீர்திருத்த இல்லம். நேரு 1934இல் அடைபட்டிருந்த மத்தியச் சிறை வேறு. அது 2022ஆம் ஆண்டில் காட்சிச்சாலையாக மாற்றப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1909ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், கடலுக்கப்பால் வாஷிங்டன் நகரில் ஒரு சொற்பொழிவு நிகழ்ந்தது. பேசியவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்தும் ஆட்சி ரோமப் பேரரசின் சாதனைகளையும் விஞ்சியது என்றும், அவர்கள் விலகினால் நாடு இரத்தக்களரியாகும் என்றும் அவர் புகழ்ந்துரைத்தார்.

இவர் பிற்போக்காளர் அல்லர் என்பதே வியப்பு. முற்போக்கு இயக்கம் என்று அமெரிக்கர் போற்றும் சீர்திருத்தத்தின் முன்னணி வீரர் அவர். பெருஞ்செல்வர்களின் ரயில்வேக் கூட்டின்மீது 1902இல் வழக்குத் தொடுத்து, 1904இல் அதைக் கலைக்கும் தீர்ப்பைப் பெற்றார். 1906இல் இறைச்சியும் உணவும் மருந்தும் கலப்படமின்றி மக்களுக்குக் கிடைக்கச் சட்டங்கள் செய்தார். இவ்வளவும் வீட்டுக்குள். கடலைக் கடந்தால் கணக்கு வேறு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து பெற்ற பிலிப்பைன்ஸ் தீவுகளில், விடுதலை வேண்டியவர்களோடு அமெரிக்கப் படை 1899 முதல் போரிட்டது. அமெரிக்க அரசியல் சட்டம் அத்தீவுகளுக்கு முழுமையாகத் தானே பொருந்திவிடாது என்பது அவர்தம் உச்ச நீதிமன்றத்தின் கருத்து. பள்ளிகள் திறந்தார்கள், ஆசிரியர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1907இல் பிலிப்பைன்ஸ் மக்கள் தம் கொடியை ஏற்றுவதே குற்றமெனச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அங்கே தேர்தலும் நடந்தது! கீழவை மக்களுடையது; மேலவை நியமனம் பெற்றவர்களுடையது.

இங்கும் அதே காட்சி. இந்தியா மந்திரியாக லண்டனில் இருந்த மார்லி பிரபு கிளாட்ஸ்டனின் வரலாற்றை எழுதிய தாராளவாதி. அவர் அங்கம் வகித்த அமைச்சரவைதான் 1908இல் எழுபது வயது முதியோருக்கு உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் வங்காளத்துப் பெரியோர் ஒன்பதின்மர் விசாரணையின்றி நாடு கடத்தப்பட்டபோது பொறுப்பில் இருந்தவரும் அவரே. அவர்களுள் ஒருவரான கிருஷ்ணகுமார் மித்ரர் அரவிந்தரின் சிற்றன்னையார் கணவர். ஐந்து மாதங்களுக்குப் பின் 1909ஆம் ஆண்டின் சட்டசபைச் சீர்திருத்தம் வந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் பிரம்பு.

அமெரிக்காவில் மாற்றுக் குரலும் எழுந்தது. 1906இல் இந்தியாவைச் சுற்றிப்பார்த்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஆங்கில ஆட்சியின் வரிச் சுமையையும் கல்விப் புறக்கணிப்பையும் கடிந்து எழுதினார். நம் தேசியவாதிகள் அதைப் பிரசுரமாக்கிப் பரப்பினர். பிலிப்பைன்ஸ் ஆதிக்கத்தையும் அவர் 1900ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே எதிர்த்தவர். ஆயினும் 1908 நவம்பரில் அமெரிக்க வாக்காளர் அவரைத் தோற்கடித்து, பிலிப்பைன்ஸின் முதல் சிவில் கவர்னராயிருந்த டாப்டைத் தேர்ந்தெடுத்தனர். பிரையனை முற்றும் புகழவும் மனம் வரவில்லை. அவர் வெளியுறவு மந்திரியாயிருந்த 1914இல்தான் அமெரிக்கப் படை மெக்சிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கியது.

அலிப்பூர் நீதிமன்றத்தைப் பற்றி நியாயமும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் அரவிந்தரோடு பயின்ற பீச்கிராப்ட் என்னும் ஆங்கிலேயரே இங்கு நீதிபதி. சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே 6ஆம் நாள் அவர் அரவிந்தரை விடுதலை செய்தார். பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் அளித்த தூக்குத் தண்டனை மேல்முறையீட்டில் அந்தமான் தீவாந்தரமாக மாறியது. இவ்விளைஞர் விசாரணைக்காகச் சிறையில் காத்திருந்த 1908 ஜூலையில் நம் வ.உ.சி. அவர்களுக்குத் திருநெல்வேலியில் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். அங்கே குண்டு எதுவும் இல்லை, பேச்சும் கப்பலுமே குற்றம்.

வெளிவந்த அரவிந்தர் ஓராண்டுக்குள் மீண்டும் கைதாகும் நிலை கண்டு சந்திரநாகூர் சென்றார். அங்கிருந்து திரும்பி, கல்கத்தாவில் கப்பலேறி, 1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரியில் இறங்கினார். எதிர்கொண்டவர்களுள் மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியார் ஒருவர். பாரதியார் அதற்கு முன்பே அவ்வூரில் அடைக்கலம் புகுந்திருந்தார்.