மூன்று ரவுண்டா, ஊர் சுற்றலா?

வண்டி ஓட்டும் வீடியோ கேம் என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவு வருவது ரோட் ராஷ். அதற்கு அடுத்து ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002-ல் வந்த அந்த விளையாட்டை ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடியவர்கள் திருப்பூரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க உண்டு. அதில் ஒரு கதை இருக்கிறது, மிஷன்கள் இருக்கின்றன. ஆனால் பாதிப் பேர் அவற்றைத் தொட்டதே இல்லை! ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிட வேண்டும். நாளைக்கு வந்தால் வேறு சிஸ்டத்தில் உட்கார வைப்பார்கள், இன்று சேவ் செய்தது அதில் இருக்காது. பிறகு எதற்கு மிஷன்? ஒரு பைக்கை எடுத்தோமா, ரேடியோவை வைத்தோமா, கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று சுற்றினோமா, அவ்வளவுதான். "ஓப்பன் வேர்ல்டு" என்ற சொல் காதில் விழுவதற்கு முன்பே ஓப்பன் வேர்ல்டு விளையாடிய கூட்டம் அது.

இப்போது அதே ஊர் சுற்றலை வைத்து உலகம் முழுக்க ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஆனால் சண்டை துப்பாக்கி விளையாட்டில் அல்ல, சின்னப் பிள்ளைகளும் ஆடுகிற கார்ட் ரேஸில்.

2025 ஜூன் 5-ம் தேதி ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 என்ற கன்சோலை வெளியிட்டது. அதோடு சேர்ந்து வந்த விளையாட்டுதான் மரியோ கார்ட் வேர்ல்டு. கார்ட் என்பது தரையோடு ஒட்டிப் போகும் கூரையில்லாத குட்டி ரேஸ் வண்டி. மீசைக்கார மரியோவும் அவன் கூட்டாளிகளும் 1992 முதல் அதில் ஏறி, வாழைப்பழத் தோலையும் ஆமை ஓட்டையும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டு பந்தயம் விடுகிறார்கள். இதற்கு முந்தையது மரியோ கார்ட் 8 டீலக்ஸ். அது 6.8 கோடிக்கு மேல் விற்றது. அதுவரை கணக்கு ரொம்ப எளிது: தனித்தனி டிராக், பெரும்பாலும் மூன்று ரவுண்டு, மூன்று நிமிடத்தில் கதை முடிந்தது.

புதியதில் அந்தக் கணக்கை மாற்றிவிட்டார்கள். எல்லா டிராக்கும் ஒரே நிலப்பரப்பில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரோடு போகிறது. ஓட்டுபவர்கள் 12 பேருக்குப் பதில் 24 பேர். ஒரு கோப்பைக்கான போட்டியில் முதல் ரேஸ் மட்டும் வழக்கம்போல் ரவுண்டு அடிப்பது. இரண்டாவது ரேஸ் முந்தைய டிராக்கிலிருந்தே கிளம்பி, ரோடு வழியாக அடுத்த இடத்துக்குப் போய், அங்கே கடைசியாக ஒரு ரவுண்டு அடித்து முடிகிறது. ரேஸ் வேண்டாம் என்றால் ஃப்ரீ ரோம் இருக்கிறது. மலை, பாலைவனம், கடல், பனி எதில் வேண்டுமானாலும் சும்மா சுற்றலாம். 2017-லேயே இதற்கான வேலையைத் தொடங்கினோம், முதலில் பழைய ஸ்விட்சுக்காகத்தான் யோசித்தோம் என்று தயாரிப்பாளர் கோசுகே யாபுகியின் குழு பேட்டியில் சொல்லியிருக்கிறது. ஆக, எட்டு வருட உழைப்பு!

விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள்? ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கட்சி: நாக்அவுட் டூர் பிரமாதம். ஆறு பகுதிகள் கொண்ட நீண்ட ஓட்டம், நடுவில் நிற்பதே இல்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கடைசி நான்கு பேர் வெளியே. 24 பேர் 20 ஆகி, 16 ஆகி, கடைசியில் நால்வர் மிஞ்சுவார்கள். சாவடி நெருங்க நெருங்க இருபதாவது இடத்தில் இருப்பவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே அந்த நீண்ட ரோடு அலுக்கவே அலுக்காது, ஏனென்றால் பின்னாலிருந்து கத்தி துரத்துகிறது. பாட்டையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். பழைய நின்டெண்டோ விளையாட்டுகளின் இசையைப் புதிதாக வாசித்து 200-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் அந்த மாடு! பழைய விளையாட்டில் டிராக் ஓரத்தில் நின்ற பசு இதில் தானே கார்ட் ஓட்டுகிறது. மரியோவை விட அந்த மாட்டுக்கு ரசிகர் அதிகமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளியீட்டுக்கு முன்பே அது பிரபலமானது.

சண்டை வந்தது ரோட்டில். இணைப்பு ரோடுகள் அகலமானவை, பெரும்பாலும் நேரானவை. டிராக் என்றால் கொண்டை ஊசி வளைவு, குறுக்கு வழி, பள்ளம் எல்லாம் இருக்கும். ரோட்டில் அந்த நுணுக்கம் குறைவு. ஆன்லைன் ரேஸில் அடுத்து எங்கே போவது என்று ஓட்டுப் போடும்போது வந்த தேர்வுகளில் பெரும்பாலானவை ரோடு வழிப் பயணம்தான். விளையாட்டாளர்கள் சும்மா இருப்பார்களா? "ரேண்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று ரவுண்டு ரேஸ் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, எல்லோரும் அதையே அமுக்க ஆரம்பித்தார்கள். ரசிகர்கள் தங்களுக்கு வேண்டியதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் 2025 ஜூன் இறுதியில் வந்த அப்டேட் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. ரேண்டம் போட்டாலும் ரோடு! கொதித்துப் போனார்கள். ஜூலை இறுதியில் அடுத்த அப்டேட்டில் ரவுண்டு ரேஸ்கள் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டினார்கள். முழுவதும் இறங்கி வரவில்லை, பாதிப் படி இறங்கினார்கள்.

மூன்று ரவுண்டு கேட்பவர்கள் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியல்ல. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, கரிவர்தன் பெயரில் அமைந்த பந்தய டிராக். நீளம் 2.1 கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன நீளத்தையே திரும்பத் திரும்பச் சுற்றித்தான் ஓட்டக் கற்கிறார்கள். முதல் ரவுண்டில் பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும், இரண்டாவதில் அதைத் தள்ளிப் பார்க்கலாம், மூன்றாவதில் முன்னால் போகிறவன் எங்கே தவறுவான் என்று காத்திருக்கலாம். ஒரே வளைவு மறுபடி வருவதால்தான் போட்டி. 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான், சொல்லி வைப்போம். நேர் ரோட்டில் ஒரு தடவை போய்விட்டு வருவது பயணம். அது ரேஸ் ஆவதற்கு நாக்அவுட் டூரின் கத்தி மாதிரி ஏதாவது வேண்டும்.

இதைக் கேட்டால் திருப்பூர்க்காரர் ஒருவேளை சிரிப்பார். ஏனென்றால் இந்த ஊரே இணைப்பு ரோட்டில்தான் ஓடுகிறது! ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது பெரிய கம்பெனிகளில்தான். மற்றபடி நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடத்தில் போட்டு, துணி சாயப்பட்டறைக்குப் போய், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஜாப் ஒர்க்காக யூனிட் யூனிட்டாக நகரும். அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம், பெருமாநல்லூர் என்று எந்தப் பக்கம் நின்றாலும் துணி மூட்டை ஏற்றிய குட்டி யானையும், காலடியில் கட் பீஸ் மூட்டை வைத்த டூவீலரும் கண்ணில் படும். டெலிவரி தேதி பின்னால் துரத்தும். நாக்அவுட் டூர் என்றால் என்ன என்று இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஃப்ரீ ரோம்? அதுதான் யோசிக்க வைக்கிறது. அதைப் பற்றிய புகார், "அழகாக இருக்கிறது, ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது. ஊரெங்கும் நீல நிற பி சுவிட்சுகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள், மிதித்தால் ஒரு குட்டிச் சவால் தொடங்கும். முடித்தால் பரிசு என்ன தெரியுமா? வண்டியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். புது வண்டி இல்லை, புது டிராக் இல்லை. 80 டாலர் கொடுத்துவிட்டு ஸ்டிக்கர் பொறுக்கவா என்று கேட்டவர்கள் நிறைய. மறு தரப்பு சொன்னது வேறு: வேலை முடிந்து வந்து, யாரையும் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டு கடலோரம் வண்டி ஓட்டுவதே பரிசு.

இரண்டாவது தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. விளையாட்டிலும் லெவல், பாயின்ட், டார்கெட் என்று துரத்தினால் அதற்கும் பீஸ் ரேட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் சும்மா சுற்றுவதற்கு முதலில் சும்மா இருக்கும் நேரம் வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருவார், கம்பெனி வேன் பிடித்து வீடு சேர்ந்து சாப்பிட்டுப் படுக்கும்வரை இடையில் மிஞ்சுவது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பொருந்துவது மூன்று நிமிட ரேஸ்தான். ஓசியில் கிடைக்கும் பீச் பக்கி ரேசிங் மாதிரியான மொபைல் கார்ட் விளையாட்டுகள் பஸ்ஸிலும் டீக்கடை பெஞ்சிலும் எடுபடுவதற்கு அதுவும் காரணம். ஓப்பன் வேர்ல்டு பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் நேரம் இல்லை என்று சொல்கிறார்கள் என்பது எந்த விமர்சனத்திலும் எழுதப்படுவதில்லை.

விலையையும் பார்த்துவிடுவோம். 2025-ல் வெளியானபோது அமெரிக்காவில் இந்த விளையாட்டு 79.99 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 6,800 ரூபாய். கன்சோல் 449.99 டாலர், அது 38,000-க்கு மேல். இரண்டையும் சேர்த்து வாங்கினால் அப்போது 499.99. இந்தியாவில் அந்த ஜூனில் ஸ்விட்ச் 2 அதிகாரப்பூர்வமாக வெளியாகவே இல்லை. இறக்குமதி செய்து விற்பவர்களிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு விளையாட்டு மட்டுமே ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டிவிடும். எனவே இந்தப் பக்கத்தில் மரியோ கார்ட் வேர்ல்டு பற்றிக் கருத்து வைத்திருப்பவர்களில் பலர் அதை யூடியூபில் பார்த்தவர்களே தவிர ஓட்டியவர்கள் அல்ல.

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை. ஸ்விட்ச் 2-வின் விலையும் தேதியும் அறிவிக்கப்பட்ட நாள் 2025 ஏப்ரல் 2. அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீதான வரிப் பட்டியலை வாசித்தார். வியட்நாமிலும் கன்சோல் தயாரிக்கும் நின்டெண்டோ, அமெரிக்காவில் ஏப்ரல் 9-க்கு வைத்திருந்த முன்பதிவை 24-க்குத் தள்ளியது. திருப்பூருக்கு அடி பிறகு விழுந்தது. ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமானபோது அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் திணறின. பொம்மை விற்பவரும் பனியன் விற்பவரும் ஒரே கப்பலில்!

இத்தனை புகாருக்கு நடுவிலும் 2025 செப்டம்பர் முடிவதற்குள் 95 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. கன்சோலோடு சேர்த்து விற்றதும் அதில் அடக்கம் என்பதால் அதை மக்கள் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. அதே செப்டம்பர் 25-ல் போட்டி நிறுவனம் சேகா, சோனிக் ரேசிங் கிராஸ்வேர்ல்ட்ஸை இறக்கியது. அதில் முதல் ரவுண்டு ஓர் உலகம், இரண்டாவது ரவுண்டுக்கு வளையம் வழியாக வேறு உலகம், மூன்றாவதுக்குத் திரும்பப் பழைய இடம். எந்த உலகம் என்பதை முதலிடத்தில் போகிறவர் தேர்ந்தெடுப்பார். மூன்று ரவுண்டும் உண்டு, ஊர் மாறுவதும் உண்டு. மரியோ ரசிகர்கள் கேட்டதற்கு மிக அருகில் வந்தது அதுதான். கணினியிலும் ஓடும் என்பதால் ஸ்விட்ச் 2 இல்லாத ஊரிலும் வாங்கலாம்.

ஒரு குறை மட்டும் விமர்சனங்களில் போதிய இடம் பெறவில்லை. முதல் மரியோ கார்ட் 1992-ல் பிறந்ததே இரண்டு பேர் ஒரே டிவியில் சேர்ந்து ஓட்ட ஒரு ரேஸ் வேண்டும் என்பதற்காக. வேர்ல்டிலும் ஒரே டிவியைப் பிரித்து நான்கு பேர் ரேஸ் விடலாம், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெரிய நிலத்தில் சும்மா சுற்ற வேண்டும் என்றால் வெளியானபோது அந்த வசதி கிடையாது. தனியாகச் சுற்றலாம், அல்லது ஆளுக்கொரு ஸ்விட்ச் 2 வாங்கி ஆன்லைனில் சேரலாம். லைன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு டிவி முன்னால் அண்ணனும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பையனும் உட்கார்ந்தால், ரேஸில் மூவரும் இருப்பார்கள். ஊர் சுற்றலில் ஒருவன் ஓட்டுவான், மற்ற இருவரும் "எப்படா குடுப்ப?" என்று கேட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைஸ் சிட்டி காலத்தில் ப்ரவுசிங் சென்டர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.